தங்கமணியின் காதில் இருந்த போன்

நீடாமங்கலம்
ஆடி 22, வியாழக்கிழமை

அன்பு மகன் ராம்கிக்கு,

அம்மா எழுதுகிறேன். சந்தானராமர் புண்ணியத்தில் இங்கே நான் நடமாட்டமாக இருக்கிறேன், நீயும் கவிப்ரியாவும் அந்தத் தூர தேசத்தில் தலைவலி காய்ச்சல் என்று படுக்காமல் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதானே முகத்தைப் பார்த்துப் பேசினோம், இவள் எதற்குப் பேப்பரும் பேனாவும் எடுத்தாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ சிரிப்பாய். நீ சிரித்தால் எனக்கும் சிரிப்பு வந்துவிடும், சொல்ல வந்ததை விட்டுவிட்டு சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுவேன். அப்படி ஒரு தடவை வைத்துவிட்டுத்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். ஸ்பீடு போஸ்டில் போட்டால் பத்து நாளில் ஜெர்மனிக்குக் கிடைத்துவிடும் என்று போஸ்ட் ஆபீசில் சொன்னார்கள். கிடைத்ததும் தனியாக உட்கார்ந்து படி, அப்புறம் கவிப்ரியாவிடமும் கொடு.

முதலில் வீட்டுச் சேதியை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசியில் மறந்துபோகும். மேட்டூர் தண்ணீர் இந்த வருஷம் காலத்தில் வந்துவிட்டது, நம்ம மூன்று மா நிலத்திலும் குறுவை நட்டாயிற்று. குத்தகைக்காரர் மிஷின் நடவு என்றார், நம்ம வயல் சேறு ஆழம், மிஷின் இறங்கினால் ஏறாது என்று நான் சொன்னேன், கேட்கவில்லை, இறக்கினார், அது பாதி வயலில் உட்கார்ந்துகொண்டது. அப்புறம் ஆள் விட்டுத்தான் நட்டார்கள். பயிர் இப்போது பச்சை பிடித்து நிற்கிறது. கொல்லைப்பக்கம் ஓடு மாற்றியாகிவிட்டது. என் முழங்கால் வலி அப்படியேதான், பிரஷர் மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறேன், நீ அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டாம். ஆடிப்பெருக்குக்கு வெண்ணாற்றுப் படித்துறைக்குப் போனேன், நல்ல தண்ணீர், கருகமணியும் காதோலையும் வைத்துப் படைத்துவிட்டு வந்தேன். வருஷா வருஷம் என் கூட வருகிற தங்கமணி இந்த வருஷம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத்தான் எழுத வந்தேன்.

நான் ரிட்டயர் ஆன அன்றைக்கு என் கையிலிருந்து சிவப்புக்கொடியையும் பச்சைக்கொடியையும் வாங்கிக்கொண்டு அக்கா கால்ல விழுந்துக்கிறேன் என்று விழுந்தவள் அவள், உனக்குத் தெரியும். ஏழு வருஷமாக நம்ம ரயில்வே கேட்டில் அவள்தான் கேட்கீப்பர், ஒரு சொல் வாங்கினது கிடையாது. அவளை இப்போது டூட்டியிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள் ராம்கி. போன ஜூலை இருபத்திரண்டாம் தேதி சாயங்காலம் நாலரை மணி, பள்ளிக்கூடம் விட்ட நேரம், இரண்டு பக்கமும் வேன், டிராக்டர், பைக் என்று நின்றிருக்கிறது. பாசஞ்சர் வண்டி போய்விட்டது. அதன் பின்னாலேயே தனி இன்ஜின் ஒன்று வர வேண்டும், அதற்கும் சேர்த்து, கேட்டு மூடியிருக்கிறது என்று அவள் ஸ்டேஷன் மாஸ்டரிடம் நம்பர் கொடுத்து நோட்டிலும் எழுதிவிட்டாள். எழுதினவளே அதை மறந்துவிட்டு சக்கரத்தைச் சுற்றிக் கம்பத்தை ஏற்றிவிட்டாள். பாதி ஏறினதுமே ஒரு பெண் ஸ்கூட்டியில் பிள்ளையை முன்னால் நிற்க வைத்துக்கொண்டு கம்பத்துக்கு அடியில் நுழைந்து தண்டவாளத்துக்கே வந்துவிட்டாள். அப்போதுதான் இவளுக்கு ஞாபகம் வந்து சிவப்புக்கொடியைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தோடு ஓடியிருக்கிறாள். இன்ஜின் டிரைவர் பார்த்துவிட்டார், மெதுவாக வந்த இன்ஜின், அம்பது அறுபது அடி தள்ளி நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. எதிர்த்த கடைக்காரர் வந்து சொன்னதும் நான் போய்ப் பார்த்தபோது தங்கமணி கேட்டு ரூம் வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கொடி இன்னும் கையில் இருந்தது. வாங்கப் பார்த்தேன், விரலைப் பிரிக்க முடியவில்லை.

தப்பு அவளுடையதுதான். நானும் அந்த வேலையை இருபத்து நாலு வருஷம் பார்த்தவள், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். கொடுத்த நம்பரை மறந்து கம்பத்தைத் தூக்குவது கேட்கீப்பருக்கு மன்னிப்பு இல்லாத தப்பு. ஆனால் ஏழு வருஷத்தில் மறக்காதவள் அன்றைக்கு ஏன் மறந்தாள் என்பதை அவள் அதிகாரிகளிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னாள், அதுவும் நாலு நாள் கழித்து. இரண்டு மாதமாக கேட்டு மூடினால் போதும், நிற்கிறவர்களில் எவனாவது ஒருத்தன் ஆரம்பிப்பானாம். என்னக்கா மாமியார் கதை முடிஞ்சிச்சா, என்று. உடனே பக்கத்தில் நிற்கிறவன், இன்னும் நாத்தனார் கதை பாக்கி இருக்குடா, என்பான். பஸ்ஸில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூட கத்துமாம். அன்றைக்கு ஸ்டேஷன் மாஸ்டர் இரண்டாவது வண்டிக்குக் கூப்பிட்டபோது அவள் போனைக் காதில் வைத்ததுதான் தாமதம், ஒரு கூட்டமே சேர்ந்து ஓ என்று கத்தி மாமியார் மாமியார் என்று ஹாரன் அடித்திருக்கிறது. போனை எப்படா வைப்போம், எப்படா இந்த ஜனத்தை அனுப்பித் தொலைப்போம் என்று ஆகிவிட்டதாம் அவளுக்கு. வண்டி போனதும் கை தானாகச் சக்கரத்துக்குப் போய்விட்டது என்றாள்.

அந்த மாமியார் கதை எங்கிருந்து வந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதை எழுதினவன் நீ.

பொங்கலுக்கு வந்தபோது கேட்டு ஓரத்தில் நின்று மன்னார்குடி வண்டியைப் படம் எடுத்தாய். தங்கமணி உனக்கு டீ வாங்கி வரச் சொல்லி, தம்பி வெயில்ல நிக்காதீங்க, வேப்பமரத்துப் பக்கமா வாங்க என்றாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். நீ ரயிலை எடுக்கிறாய் என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். வைகாசியில் ஒரு நாள் நம்ம சொந்தக்கார வாட்ஸாப் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. கேட்டுக்குள் ஒரு பொம்பளை போனைக் காதில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டுகிறாள், முகத்தில் ஒரு மஞ்சள் பொம்மை மூஞ்சி ஒட்டியிருக்கிறது, கீழே எழுத்து, மாமியார் கதை முடிஞ்சாத்தான் கேட்டு திறக்கும், பொறுத்தருள்க. உண்மையைச் சொல்கிறேன், பார்த்ததும் நான் சிரித்தேன். பொறுத்தருள்க என்ற இடத்தில்தான் சிரிப்பு வந்தது. அப்புறம் பின்னால் சுவரில் அடித்திருந்த ஆணியைப் பார்த்தேன். விளக்கு மாட்டுவதற்கு நான் அடித்த ஆணி அது. மூலையில் சின்ன எழுத்தில் உங்கள் ரயில் ரசிகர் குரூப் பெயரும் உன் பெயரும் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே உன்னிடம் கேட்டேன். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? சும்மா ஜாலிக்குப் போட்டதும்மா, மூஞ்சியைக்கூட மறைச்சுத்தான் போட்டேன், கவிப்ரியாவே சிரிச்சா, என்றாய். நானும் சரிப்பா என்றேன். அன்றைக்கே நாலு வார்த்தை கேட்டிருந்தால் நீ அதை நீக்கியிருப்பாய்.

அந்த போன் எதற்கு ராம்கி? உங்கள் ரயில் குரூப்பில் பதினோராயிரம் பேர் இருக்கிறார்களாம். அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது, போகட்டும். உனக்குத் தெரியாதா? உன் அப்பா பஞ்சநதம் லைனில் வேலை பார்க்கும்போது செத்துப்போய் அந்த வேலைக்குப் பதிலாக எனக்கு கேட்டு வேலை கொடுத்தபோது உனக்கு ஐந்து வயது. பள்ளிக்கூடம் விட்டால் நேராக கேட்டு ரூமுக்கு வருவாய், அந்த முக்காலியில்தான் நீ எழுதப் படிக்கப் பழகினாய். வண்டி வரப்போகிறது, மூடு என்று ஸ்டேஷன் மாஸ்டர் போனில் சொல்வார், மூடிவிட்டு வந்து தாளில் அடுத்து இருக்கிற இரண்டு இலக்க நம்பரை நான் சொல்வேன், அவர் அதைத் திருப்பிச் சொல்வார், இரண்டு பேரும் நோட்டில் எழுதுவோம், அதற்கு அப்புறம்தான் அவர் சிக்னல் கொடுப்பார். நான் போனை வைத்ததும், திருப்பிச் சொன்னாராம்மா என்று நீ கேட்பாய். சொன்னார் என்றால்தான் உனக்கு நிம்மதி. திருச்சியில் காலேஜில் சேர்ந்தபோதும், நீ முதல் முதலாக ஜெர்மனியில் போய் இறங்கினபோதும் நான் ஒரு நம்பர் சொன்னேன், நீ திருப்பிச் சொன்னாய், அப்புறம்தான் நான் படுத்தேன். உலகத்தில் அந்த போனை வைத்துக் கேலி பண்ண யோக்கியதை இல்லாத ஆள் யாராவது இருந்தால் அது நீதான். எழுதும்போதே எனக்கு ஆத்திரம் வருகிறது, கையெழுத்து கோணலாகப் போகிறது, பொறுத்துக்கொள்.

நான் கேலி கிண்டல் தெரியாதவள் இல்லை, அது உனக்கே தெரியும். இந்த நடவில் பார்த்தேன், மிஷினைச் சேற்றில் இறக்கிவிட்டு வரப்பில் நின்ற குத்தகைக்காரரை நடவு ஆட்கள் பிழிந்தெடுத்துவிட்டார்கள். ஏன் அய்யா, அதுக்குக் கால் வலிக்குதாம், நீங்க போயி அமுக்கிவிடுங்க, என்று ஒருத்தி சொல்ல, அவர், வாயில நட்டே வயலை முடிச்சிருவீங்க போல என்று திருப்பிச் சொல்ல, நானும் சேர்ந்து இரண்டு போட்டேன். அவர் எல்லோருக்கும் வெற்றிலைப் பாக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கரையேறினார். அவருக்குப் பதில் சொல்ல வாய் இருந்தது, அவரும் அங்கேயே நின்றார். தங்கமணி காதில் போனும் வாயில் நம்பருமாக நிற்கும்போது யாருக்கு என்ன பதில் சொல்வாள்? அதுவும் நீ எங்கேயோ, அவள் எங்கேயோ. நீ போட்டுவிட்டு அடுத்த ரயிலைப் பார்க்கப் போய்விட்டாய். அவள் அங்கேயேதான் நிற்க வேண்டும், எட்டு மணி நேரம்.

பக்கத்து வீட்டு சதீஷும் உங்கள் குரூப்பில் இருக்கிறான். அவனைக் கூப்பிட்டு வைத்து எல்லாவற்றையும் காட்டச் சொன்னேன். வேண்டாம் அத்தை, விடுங்க அத்தை என்றான், நான் விடவில்லை. மேலே உங்கள் சட்டதிட்டம் எழுதியிருக்கிறது, அரசியல் கூடாது, சாதி மதம் கூடாது, கெட்ட வார்த்தை கூடாது. நீ போட்டதில் கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை, பார்க்கிறவன் எவனும் குறை சொல்ல முடியாது. அதற்குக் கீழே மற்றவர்கள் போட்டதை எல்லாம் படித்தேன். முதலில் மாமியார், அப்புறம் சீரியல், அப்புறம் பொம்பளைக்கு எதற்கு ரயில்வேயில் வேலை, கடைசியில் போனில் பேசுவது புருஷனாக இருக்காது என்று போய் நிற்கிறது. அதற்கு மேல் நான் எழுத மாட்டேன், என் பேனாவுக்கு வராது. நீ அதை எழுதவில்லை, வாசலை நீ திறந்துவிட்டாய், வருகிறவர்களுக்கெல்லாம் சிரிப்புப் பொம்மை போட்டு உள்ளே விட்டாய்.

அதில் ஒரு பெண் எழுதியிருந்தாள். மயிலாடுதுறையில் காலேஜில் படிக்கிற பெண்ணாம், ஹம்சத்வனி என்று பெயர், ரயில் ஓட்டுகிற வேலைக்குப் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறவளாம், சதீஷ் சொன்னான். அந்தக்கா ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட நம்பர் மாத்துறாங்க, அந்த நேரத்துல அவங்களைக் கேலி பண்றது எனக்குச் சிரிப்பா இல்லை, என்று மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறாள். நீ சொல்லியிருக்க வேண்டிய வார்த்தையை முன்பின் தெரியாத ஒரு பெண் சொல்லியிருக்கிறாள் ராம்கி. அதற்கு ஐம்பது பேர் சேர்ந்து அவளை என்ன பாடு படுத்திவிட்டார்கள், மேடத்துக்குச் சிவப்பு சிக்னல் விழுந்துடுச்சு, மேடம் வந்தா எல்லாரும் கையைக் கட்டிக்கணும் என்று. நீ அட்மின். நீ என்ன எழுதினாய்? ஜோக்கை ஜோக்காக எடுத்துக்கத் தெரியாதவங்க இங்க இருக்கிறது கஷ்டம். அன்றைக்கே அவள் வெளியே போய்விட்டாளாம். அவள் எடுத்த படங்களை சதீஷ் காட்டினான். மழையில் காவிரிப் பாலத்தில் வருகிற வண்டி ஒன்று, அவ்வளவு அழகாக இருக்கிறது, உன் படத்தைவிட நன்றாக இருக்கிறது.

இன்னொன்றும் பார்த்தேன். அன்றைக்குச் சாயங்காலம் கம்பம் பாதியில் நின்றதை எவனோ படம் எடுத்து உங்கள் குரூப்பில் போட்டு, மாமியார் அவசரமா கூப்பிட்டாங்க போல, என்று எழுதியிருக்கிறான். நீ அதற்கும் ஒரு சிரிப்பு போட்டிருக்கிறாய். படத்தில் கம்பமும் வானமும் மட்டும்தான் இருக்கிறது. அது நம்ம கேட்டு என்று உனக்குத் தெரிந்திருக்காது என்று நம்புகிறேன். வேறு எப்படியும் என்னால் நம்ப முடியாது.

மூன்று நாளாகத் தூக்கம் வராமல் யோசிக்கிறேன், என் பிள்ளை எங்கே இதைக் கற்றுக்கொண்டான் என்று. யோசித்தால் என்னிடம்தான் வந்து நிற்கிறது. உனக்கு ஒன்பது வயது இருக்கும், நெல் மூட்டை ஏற்றின லாரி ஒன்று கேட்டில் நின்றது. அந்த டிரைவர் இறங்கி வந்து, என்னம்மா கேட்டை இவ்வளவு நேரம் சாத்தி வச்சிருக்க, உள்ளே யாரை ஒளிச்சு வச்சிருக்க, என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ முக்காலியில் உட்கார்ந்திருந்தாய், என் முகத்தைப் பார்த்தாய், அம்மா சிரிக்கிறாளே என்று நீயும் சிரித்தாய். அது சிரிப்பு இல்லை ராம்கி. புருஷன் போன பொம்பளை, சாயங்காலம் வரைக்கும் அந்த ரோட்டில் நிற்க வேண்டியவள், அவனை முறைத்தால் நாளைக்கு நாலு லாரியோடு வருவான் என்று பல்லைக் காட்டினேன். வீட்டுக்கு வந்து அன்றைக்குச் சோறு வடிக்காமல் படுத்துவிட்டேன், உன்னிடம் தலைவலி என்று சொன்னேன். இது மாதிரி நூறு தடவை சிரித்திருப்பேன். ஒரு தடவையாவது உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவன் சொன்னது அசிங்கம், அம்மா பயந்துகொண்டு சிரித்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. கேலி பண்ணினால் பொம்பளைகள் சிரிப்பார்கள், அவர்களுக்கும் அது பிடிக்கும் என்று நீ நினைத்துக்கொண்டு வளர்ந்திருக்கிறாய். கவிப்ரியாவும் சிரித்தாள் என்றாயே, அவள் எந்தச் சிரிப்பு சிரித்தாள் என்று ஒரு நாள் அவளிடம் கேள். கேட்டுவிட்டுக் குறுக்கே பேசாமல் இரு.

முந்தாநாள் தங்கமணி வீட்டுக்குப் போனேன். அவள் டூட்டிக்குப் போனால் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வது அவள் மாமியார்தான், தாயும் மகளும் மாதிரி இருந்தார்கள். யாரோ புண்ணியவான் அந்த வீடியோவை அந்தம்மாவிடம் காட்டி, பாரு, உன் கதைதான் ஊரெல்லாம் பேசுறா உன் மருமக, என்று சொல்லிவிட்டான். அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, நம்பிவிட்டார்கள். இப்போது அடுப்பு தனி, பேச்சு இல்லை. இதையெல்லாம் தங்கமணி அழாமல் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் தங்கம், அந்தப் படம் எடுத்தது, என்று ஆரம்பித்தேன். அவள் என்னை முடிக்க விடவில்லை. தெரியும்க்கா, ராம்கி தம்பி எடுத்தது, அன்னிக்குக் கையில பொங்கலுக்கு வாங்கின புது வளையல் போட்டிருந்தேன், பாத்ததுமே தெரிஞ்சிடுச்சு, என்றாள். இரண்டு மாதமாகத் தெரிந்திருக்கிறது. இரண்டு மாதமும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், சாப்பிட்டீங்களாக்கா, தம்பி போன் பண்ணாங்களாக்கா என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எனக்கு அங்கே உட்காரவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை. விசாரணையில இதச் சொன்னியா என்று கேட்டேன். எதுக்குக்கா, கேலி பண்ணாங்க அதான் மறந்துட்டேன்னா அங்கயும் சிரிப்பாங்க, அதோட தம்பி பேரு வந்தா உங்களுக்குத் தலைகுனிவு, என்றாள்.

பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள், ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி, அவளுக்கு விசாரணை வைத்திருக்கிறார்கள். வேலை இருக்குமா போகுமா என்பது அதில்தான் தெரியும். ரிட்டயர் ஆன ஸ்டேஷன் மாஸ்டர் மீரா சாகிப்பைப் போய்ப் பார்த்தேன், நான் நம்பர் சொல்லச் சொல்ல இருபது வருஷம் திருப்பிச் சொன்ன மனுஷர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தப்பு தப்புதாம்மா, ஆனா ஏன் நடந்துச்சுன்னு கேக்கவேண்டியது அவங்க கடமை, சொல்லவேண்டியது நம்ம கடமை, என்றார். அவள் பக்கம் ஒருவர் துணைக்கு உட்காரலாமாம், பழைய ஆட்களும் உட்காரலாமாம். நான் உட்காரப் போகிறேன். அந்த வீடியோவைக் காட்டி, ரோட்டில் என்ன கத்தினார்கள் என்று சொல்லப் போகிறேன். படம் எடுத்தது யார், எழுதினது யார் என்று கேட்பார்கள். என் மகன் என்று சொல்வேன். உன்னைக் கேட்டுக்கொண்டு சொல்லவில்லை, சொல்லப் போகிறேன் என்று தெரிவிக்கிறேன். நான் சொல்வதற்கு முன்னால் நீயே சொன்னதாக இருந்தால் எனக்கு அந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார முடியும்.

அதனால் நீ செய்ய வேண்டியது இது. அந்தப் படத்தைக் குரூப்பிலிருந்து எடுத்துவிடு, ஆனால் ஓசையில்லாமல் எடுத்துவிட்டு ஒளிந்துகொள்ளாதே. நீ போட்டது, நீ எழுதியது, அந்த போன் எதற்கு, அந்தப் பொம்பளை யார், அந்தக் கேலியால் இங்கே என்ன நடந்தது, இதை அந்தப் பதினோராயிரம் பேருக்கும் உன் முழுப் பெயரைப் போட்டு எழுது. அதையே ஒரு தாளிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டு விசாரணைக்குள் வந்து சேருகிற மாதிரி அனுப்பு. அந்த மயிலாடுதுறைப் பெண்ணிடம், நீ சொன்னது சரி, நான்தான் தப்பு என்று சொல். அவள் திரும்பி வருகிறாளோ இல்லையோ அது அவள் இஷ்டம், வரச் சொல்லி நச்சரிக்காதே. உன் குரூப்பில் உன்னைக் கேலி பண்ணுவார்கள். ராம்கிக்கு வீட்டில் சிவப்பு விழுந்துவிட்டது, அம்மா முந்தானை, பொண்டாட்டிக்குப் பயந்தவன் என்றெல்லாம் வரும். ஜோக்கை ஜோக்காக எடுத்துக்கொள் என்றும் சொல்வார்கள். அன்றைக்குத் தெரியும் உனக்கு அது எங்கே குத்துகிறது என்று. பொறுத்துக்கொண்டு நில், ஓடாதே. தங்கமணி இரண்டு மாதம் நின்றாள்.

உன்னை வெறுத்து எழுதவில்லை. நீ நல்ல பிள்ளை, அதில் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை, அதனால்தான் இவ்வளவு கோபம். அங்கே மழை என்றாயே, ஈரத் தலையோடு வேலைக்குப் போகாதே. மணத்தக்காளி வற்றல் காயப்போட்டிருக்கிறேன், சதீஷின் நண்பன் அந்தப் பக்கம் வரும்போது கொடுத்துவிடுகிறேன். கவிப்ரியாவுக்கு என் ஆசீர்வாதம், அவளை நான் கேட்டதாகச் சொல். நீங்கள் இரண்டு பேரும் பதினாறும் பெற்று நல்ல பெயரோடு இருக்க வேண்டும், அதில் நல்ல பெயர்தான் எனக்கு முதலில் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனில் இதைப் பற்றி நானாகப் பேச மாட்டேன், நீயும் விளக்கம் சொல்ல வேண்டாம். நான் சொன்னதை எல்லாம் செய்து முடித்த பிறகு ஒரு போன் பண்ணு. இந்தத் தடவை நம்பர் அறுபத்து மூன்று. எழுதி வைத்துக்கொள். அதைத் திருப்பிச் சொல், வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம். அது வருகிற வரைக்கும் இங்கே கேட்டு மூடித்தான் இருக்கும்.

உன் அம்மா,
ப. மங்கையர்க்கரசி
கேட்கீப்பர் (ஓய்வு)